ரெண்டு டெஸ்ட்ராயரை வித்து ரெண்டு சப்மரைன் வாங்கின நாடு

11 பிப்ரவரி 2024, காலை

ஒருத்தர் கேட்டிருக்கார், அப்படியே போடுறேன்: "எஸ்டோனியா 1933ல கையில இருந்த ரெண்டே ரெண்டு டெஸ்ட்ராயரையும் பெரு நாட்டுக்கு வித்துச்சு. அப்புறம் இங்கிலாந்துல ரெண்டு சப்மரைன் கட்ட ஆர்டர் கொடுத்துச்சு. அந்த சப்மரைன் எஸ்டோனியாவுக்காக ஒரு டார்பிடோ கூட விடல, 1940ல அப்படியே சோவியத் கைக்குப் போயிடுச்சு. டெஸ்ட்ராயரையே வச்சிருந்திருக்கலாமே? அப்போ 11 லட்சம் பேரே இருந்த நாட்டுக்கு நேவி எதுக்கு?"

நான் எஸ்டோனியா தலைநகர் தாலின்ல ஆறு வருஷமா இருக்கேன், வீடு கலமாயா ஏரியா. அந்த ரெண்டு சப்மரைன்ல மிச்சம் இருக்கிற ஒண்ணு, லெம்பிட், என் வீட்டுலேர்ந்து நடந்து போற தூரத்துல மியூசியத்துல நிக்குது. எத்தனை தடவை உள்ள போயிருப்பேன்னு கணக்கே இல்ல. அதனால இந்தக் கேள்விக்கு நான் பதில் எழுதியே ஆகணும்.

இப்போதைக்கு என் பதில்: ஆமா, வித்தது தப்புன்னுதான் எனக்கும் தோணுது. அந்த டெஸ்ட்ராயர் ரெண்டும் அந்த நாடு பொறந்த கையோட வந்த கப்பல். ராத்திரி எழுதுறேன்.

11 பிப்ரவரி, ராத்திரி

1918 நவம்பர், முதல் உலகப்போர் முடியுது. ஜெர்மன் படை ஊரைக் காலி பண்ணிட்டுக் கிளம்புது, கிழக்குலேர்ந்து சோவியத் படை எல்லை ஊரான நார்வா பக்கம் வந்துடுச்சு. நவம்பர் 21ம் தேதி நேவி ஆரம்பிக்கிறாங்க. யோஹான் பிட்காங்கற கப்பல் கேப்டன்தான் பொறுப்பு. நேவின்னு சொன்னா என்ன இருந்துச்சு? ஒரு பழைய கன்போட், அதாவது பீரங்கி வச்ச சின்னப் போர்க்கப்பல். ரஷ்யாக்காரங்க கட்டினது, பேரு போபர், அப்புறம் ஜெர்மன்காரங்க புடிச்சு பீபர்னு மாத்தினாங்க, அவங்க போகும்போது தாலின்லயே விட்டுட்டுப் போயிட்டாங்க. எஸ்டோனியாக்காரங்க அதை எடுத்து லெம்பிட்னு பேர் வச்சாங்க. மியூசியத்துல இருக்கிற லெம்பிட் வேற, இந்த லெம்பிட் வேற, குழப்பிக்காதீங்க. கன்போட் 1920கள்லயே உடைக்கப் போயிடுச்சு.

டிசம்பர்ல எஸ்டோனியாவுக்கு உதவியா பிரிட்டிஷ் போர்க்கப்பல் கூட்டம் ஒண்ணு வந்துச்சு, அட்மிரல் அலெக்ஸாண்டர்-சிங்க்ளேர் தலைமையில. வர்ற வழியிலயே கசாண்ட்ராங்கற க்ரூசர் கண்ணிவெடியில அடிபட்டு முங்கிடுச்சு, 11 பேர் போயிட்டாங்க. பால்டிக் கடல் அப்போ அந்த நிலைமையில இருந்துச்சு, எங்க என்ன வெடி கெடக்குன்னு எவனுக்கும் தெரியாது.

டிசம்பர் 26ம் தேதி ஸ்பார்டாக்ங்கற சோவியத் டெஸ்ட்ராயர் தாலினுக்கு எதிர்ல இருக்கிற தீவு மேல சுட வந்துச்சு. பிரிட்டிஷ் கப்பல்கள் துறைமுகத்துக்குள்ள இருக்குன்னு அதுக்குத் தெரியல. அவங்க வெளிய வந்து துரத்த ஆரம்பிச்சதும் இது திரும்பி ஓடுது, ஓடிக்கிட்டே முன் பக்கத்து பீரங்கியைப் பின்னாடி திருப்பிச் சுடுது, அந்த அதிர்ச்சியில தன்னோட சார்ட் ரூமே நொறுங்கிப்போச்சு, சுக்கான் புடிச்சவங்க நிலைதடுமாறி நேரா பாறைத் திட்டுல கொண்டுபோய் ஏத்திட்டாங்க, ப்ரொப்பெல்லர் காலி. வெள்ளைக்கொடி. மறுநாள் அதைத் தேடி ஆவ்ட்ரோயில்னு இன்னொரு டெஸ்ட்ராயர் வந்துச்சு, அதையும் சுத்தி வளைச்சுப் புடிச்சாச்சு.

ஜனவரி தொடக்கத்துல ரெண்டையும் எஸ்டோனியா கையில கொடுத்தாங்க. ஸ்பார்டாக் வாம்போலா ஆச்சு, ஆவ்ட்ரோயில் லென்னுக் ஆச்சு. ஒரு வாரத்துல கன்போட் நேவி டெஸ்ட்ராயர் நேவி ஆயிடுச்சு. அதே ஜனவரியில யூட்ரியா கடற்கரையில படையை இறக்கினாங்க, எஸ்டோனியாக்காரங்களும் ஃபின்லாந்து வாலன்டியர்களும் சேர்ந்து ஆயிரம் பேர் கிட்ட. ரெண்டே நாள்ல நார்வா திரும்பக் கைக்கு வந்துடுச்சு. கடல் வழியா எதிரியோட முதுகுப் பக்கம் போய் நிக்க முடிஞ்சதாலதான் அது நடந்துச்சு. "நேவி எதுக்கு"ன்னு கேட்டதுக்கு முதல் பதில் இது.

ரெண்டு கப்பலும் பீட்டர்ஸ்பர்க்ல கட்டினது. 102 மில்லிமீட்டர் பீரங்கி, ஒண்ணுல நாலு, இன்னொண்ணுல அஞ்சு. ஒவ்வொண்ணுலயும் ஒம்பது டார்பிடோ குழாய். அந்தக் கடல்ல அது பெரிய சாமான்.

13 பிப்ரவரி

திருத்தம். ரெண்டும் பீட்டர்ஸ்பர்க்ல கட்டினதுன்னு எழுதினது தப்பு. ஸ்பார்டாக்தான் அங்க, புட்டிலோவ் யார்டுல. ஆவ்ட்ரோயில் இங்கயே, தாலின்ல கட்டினது! பெக்கர் கம்பெனி யார்டு, கொப்லி முனையில. அப்போ ஊர் பேரு ரேவல். 1915ல தண்ணியில இறக்கி 1917ல முடிச்சாங்க.

இதைச் சரிபார்த்ததுலேர்ந்து மனசு ஒரு மாதிரி ஆயிடுச்சு. தாலின் தொழிலாளிங்க ரஷ்ய நேவிக்காகக் கட்டின கப்பல், சோவியத் கைக்குப் போய், பிரிட்டிஷ்காரங்க புடிச்சு, பொறந்த ஊருக்கே லென்னுக்கா திரும்பி வந்துச்சு. அதைத்தான் பதினாலு வருஷம் கழிச்சு பெருவுக்கு அனுப்பினாங்க. கொப்லிக்கு ட்ராம்ல அத்தனை தடவை போயிருக்கேன், ஒரு தடவை கூட இது தெரியாமலே போயிருக்கேன்.

வித்தது தப்புங்கற என் எண்ணம் இப்போ இன்னும் கெட்டியாயிடுச்சு.

14 பிப்ரவரி

லென்னுக்னா என்னன்னு ஒருத்தர் கேட்டார். இன்னைக்கு எஸ்டோனிய மொழியில ஏரோப்ளேனுக்கு அந்தப் பேருதான். ஏர்போர்ட்ல தினமும் காதுல விழுற வார்த்தை. ஆனா கப்பலுக்கு வச்சது அதுக்காக இல்ல. அவங்க காவிய நாயகன் கலேவிபோயெக் உலகத்தோட ஓரத்தைத் தேடிப் போற கப்பல் பேரு லென்னுக். உலகத்தோட ஓரம் வரைக்கும் போகலேன்னாலும் பசிபிக் கடல் வரைக்கும் போச்சு.

17 பிப்ரவரி

சனிக்கிழமை, டைம் இருக்கு, லெம்பிட் உள்ள என்ன இருக்குன்னு எழுதுறேன்.

2022 ஜூன்ல அம்மா வந்திருந்தாங்க. மியூசியம் இருக்கிற இடத்துக்குப் பேரு லென்னுசாதம். "என்ன சாதம்டா அது, புளிசாதம் மாதிரியா"ன்னு கேட்டாங்க, நாலு நாள் அதையே சொல்லிச் சிரிச்சோம். சாதம்னா இவங்க மொழியில துறைமுகம். கடல் விமானத் துறைமுகம். 1916-17ல ரஷ்யாக்காரங்க கடல் விமானம் நிறுத்த கான்கிரீட்ல மூணு குவிமாடக் கூரை போட்டாங்க, நடுவுல ஒரு தூண் கூட இல்லாம. அந்தக் காலத்துல அவ்ளோ மெல்லிசான கான்கிரீட் ஓடு பெரிய வித்தை. அதுக்குள்ளதான் லெம்பிட் நிக்குது. 2011 மே மாசம் வரைக்கும் தண்ணியிலதான் மிதந்துச்சு, அப்புறம்தான் மேல இழுத்து உள்ள கொண்டு வந்தாங்க. 2012ல மியூசியம் திறந்துச்சு.

நீளம் கிட்டத்தட்ட 60 மீட்டர். 38 பேர் வரைக்கும் போற அளவு. எங்க வீட்டுல கடல் கதை புதுசு இல்ல, அப்பா தூத்துக்குடியில தோணியில தண்டலா, அதாவது தோணித் தலைவரா இருந்தவர். அதனால அம்மாவுக்குக் கப்பல்னா முதல் கேள்வி எப்பவும் ஒண்ணுதான்: "பண்டாரி (சமையல்காரன்) எங்க நின்னு சமைப்பான்?" லெம்பிட் உள்ள இறங்கினதும் டார்பிடோ குழாயையும் பார்க்கல, பெரிஸ்கோப்பையும் பார்க்கல, அடுப்பைத் தேடினாங்க. இருக்கு. ஒரு ஆள் திரும்பினா முழங்கை இடிக்கிற இடம். "இதுல முப்பது பேருக்கா, மூச்சு முட்டாதா"ன்னு கையை வச்சு அளந்து பார்த்தாங்க. அந்தக் கேள்விக்கு அப்புறம்தான் எனக்கு அந்த இரும்புக் குழாய் ஆளுங்க வாழ்ந்த இடமா தெரிஞ்சுச்சு. அதுக்கு முன்னாடி எனக்கு அது மெஷின்தான்.

மெஷின் விஷயமும் சொல்லணும், அது சாதாரண டிசைன் இல்ல. வடக்கு இங்கிலாந்துல பாரோ ஊர்ல விக்கர்ஸ்-ஆம்ஸ்ட்ராங்ஸ் யார்டு கட்டினது. கலேவ், லெம்பிட் ரெண்டையும் ஒரே நாள்ல, 1936 ஜூலை 7ம் தேதி, தண்ணியில இறக்கினாங்க. 1937ல ரெண்டும் சர்வீசுக்கு வந்துடுச்சு. முன்னாடி நாலு டார்பிடோ குழாய். ஆனா முக்கியமான ஆயுதம் கண்ணிவெடி. உடம்போட ரெண்டு பக்கமும் நிமிர்ந்த குழி மாதிரி வச்சு, மொத்தம் 20 கண்ணிவெடி. தண்ணிக்கு அடியில போய் எதிரி வர்ற வழியில போட்டுட்டு சத்தமில்லாம வந்துடலாம். மேல ஒரு 40 மில்லிமீட்டர் போஃபர்ஸ் துப்பாக்கி, முங்கும்போது அது கீழ இறங்கித் தண்ணி புகாத பெட்டிக்குள்ள போயிடும்.

இந்தக் கண்ணிவெடி விஷயத்தை ஞாபகம் வச்சுக்கோங்க, நாளைக்கு அதுலேர்ந்துதான் தொடங்கணும்.

18 பிப்ரவரி

நேத்து ராத்திரி முழுக்க யோசிச்சேன். 11ம் தேதி எழுதினதும் 13ம் தேதி "கெட்டியாயிடுச்சு"ன்னு எழுதினதும் எனக்கே இப்போ சரியாப் படல.

டெஸ்ட்ராயர்னா யானையைக் கட்டித் தீனி போடுற மாதிரி. நூத்தைம்பது பேர் கிட்ட வேணும் ஒரு கப்பலுக்கு, ரெண்டுக்கு முந்நூறு. எல்லாம் முதல் உலகப்போர் காலத்து டர்பைன், பாய்லர். உலகமே பொருளாதார மந்தத்துல கெடந்த 1930களோட ஆரம்பம், ஒரு குட்டி நாட்டோட பட்ஜெட். ரெண்டு சப்மரைனுக்கும் சேர்த்து எம்பது பேருக்கும் கீழதான். 1933ல பெரு 8,20,000 டாலர் கொடுத்துச்சு, ஏன்னா அப்போ லெட்டிசியாங்கற எல்லை ஊர் விஷயத்துல கொலம்பியாவோட அவங்களுக்குச் சண்டை, கப்பல் உடனே வேணும். அவசரமா வாங்குறவன் வந்து நிக்கும்போது பதினஞ்சு வயசுக் கப்பலுக்கு அதைவிட நல்ல விலை கிடைச்சிருக்காது.

அந்தக் காசு மட்டும் பத்தல. அதே வருஷம் சப்மரைன் நிதின்னு ஒண்ணு ஆரம்பிச்சு ஜனங்ககிட்ட வசூல் பண்ணாங்க. அதனாலதான் இன்னைக்கும் இங்க லெம்பிட்டை "நம்ம கப்பல்"னு சொல்றாங்க.

இப்போ அந்தக் கண்ணிவெடி. மேப்பை எடுத்து ஃபின்லாந்து வளைகுடாவைப் பாருங்க. தாலினுக்கு எதிர்ல நைஸ்ஸார் தீவு, அங்கேர்ந்து எதிர்க்கரை ஃபின்லாந்தோட போர்க்கலா முனைக்கு 36 கிலோமீட்டர்தான். லெனின்கிராட்லேர்ந்து (அதே பீட்டர்ஸ்பர்க்தான், அப்போதைய பேரு) வெளிய வர்ற எந்தக் கப்பலும் அந்தச் சந்து வழியாத்தான் வரணும். ஜார், அதாவது ரஷ்யச் சக்கரவர்த்தி காலத்துலயே ரெண்டு கரையிலயும் 305 மில்லிமீட்டர் பீரங்கி வச்சிருந்தாங்க. இந்தப் பக்கம் ஏக்னா தீவு, அந்தப் பக்கம் மாகிலுவோட்டோ. 1930கள்ல எஸ்டோனியாவும் ஃபின்லாந்தும் ரகசியமா சேர்ந்து அதே பீரங்கிகளை வச்சு வளைகுடாவைக் குறுக்கே பூட்டுப் போட்டுடலாம்னு திட்டம் போட்டாங்க. பீரங்கி, கண்ணிவெடி, சப்மரைன் மூணும் சேர்ந்தாத்தான் பூட்டு. அந்தப் பூட்டுல டெஸ்ட்ராயருக்கு என்ன வேலை? லெனின்கிராட் பக்கத்துல க்ரோன்ஸ்டாட் கடற்படைத் தளத்துல சோவியத்துக்கு பேட்டில்ஷிப்பே இருந்துச்சு, அதுக்கு முன்னாடி இந்த ரெண்டு பழைய கப்பல் ஒரு மணி நேரம் தாங்காது. ராத்திரியில இருபது கண்ணிவெடி போட்டுட்டு மறைஞ்சுபோற ஒண்ணுதான் பெரியவனையும் யோசிக்க வைக்கும்.

அதனால என் எண்ணத்தை மாத்திக்கிறேன். வித்தது சரி. லென்னுக் போனது எனக்கு இன்னும் வலிக்குது, ஆனா அது சரி.

19 பிப்ரவரி

பெருவுல என்ன ஆச்சுன்னு மூணு பேர் கேட்டுட்டாங்க. வாம்போலா அல்மிராண்டே வில்யார் ஆச்சு, லென்னுக் அல்மிராண்டே கீசே ஆச்சு. 1941ல பெரு-ஈக்வடார் சண்டையில வில்யார் ஹம்பெலிங்கற இடத்துல ஈக்வடாரோட கன்போட் அப்டோன் கால்டெரோனோட மோதுச்சு. 1918ல பாறையில ஏறின அதே ஸ்பார்டாக்தான்! 1950கள் வரைக்கும் இருந்துச்சு. நாலு கொடி பார்த்த கப்பல், ஜார் கொடியையும் சேர்த்தா.

22 பிப்ரவரி

முதல் நாள் ஒருத்தரை விட்டுட்டேன். ஸ்பார்டாக்ல கைதானவங்கள்ல ஃபியோதர் ரஸ்கோல்னிகோவ் இருந்தார், சோவியத் நேவியோட பெரிய தலை. பிரிட்டிஷ்காரங்க லண்டன் கொண்டுபோய் ப்ரிக்ஸ்டன் ஜெயில்ல வச்சாங்க. 1919 மே மாசம் பிரிட்டிஷ் கைதிகளுக்குப் பதிலா அவரை விட்டாங்க.

அதோட கதை முடியல. 1930ல அதே ரஸ்கோல்னிகோவ் எஸ்டோனியாவுக்கு சோவியத் தூதரா வர்றார்! 1933 வரைக்கும் தாலின்ல இருந்தார். அதாவது அவர் பறிகொடுத்த ரெண்டு கப்பலும் அவர் இருந்த அதே ஊர்த் துறைமுகத்துல வேற பேர்ல, வேற கொடியோட. அதுங்களைப் பெருவுக்கு வித்ததும் அவர் இங்க இருந்த கடைசி வருஷம். துறைமுகப் பக்கம் நடந்து போகும்போது அந்த மனுஷன் மனசுல என்ன ஓடியிருக்கும்னு எனக்கு அடிக்கடி தோணும்.

அப்புறம் டென்மார்க், பல்கேரியா. 1938ல மாஸ்கோவுக்குத் திரும்பி வரச் சொன்னப்போ போகல, போனா சாவுதான்னு தெரியும். 1939ல ஸ்டாலினைக் கண்டிச்சு ஒரு திறந்த கடிதம் எழுதினார், அதே செப்டம்பர்ல ஃபிரான்ஸ்ல நீஸ் நகரத்துல செத்துப்போனார்.

24 பிப்ரவரி

இன்னைக்கு எஸ்டோனியா சுதந்திர தினம். காலையில சூரியன் உதிக்கும்போது பிக் ஹெர்மன் கோபுரத்துல கொடி ஏத்தினாங்க, குளிர்ல நின்னு பார்த்துட்டு வந்தேன், கூட்டத்தோட சேர்ந்து எனக்கும் தொண்டை அடைச்சுச்சு.

ஆனா இன்னைக்கே எழுத வேண்டியது ஒண்ணு இருக்கு. 11ம் தேதி ராத்திரி நான் எழுதினதைத் திரும்பப் படிச்சேன். தன் பீரங்கியாலயே கெட்டுச்சு, பாறையில ஏறிச்சு, வெள்ளைக்கொடின்னு ஏதோ சாகசக் கதை மாதிரி எழுதியிருக்கேன். அந்த ரெண்டு கப்பல்லயும் இருந்த மாலுமிங்க என்ன ஆனாங்கன்னு ஒரு வரி கூட இல்ல. அவங்களை நைஸ்ஸார் தீவுல கைதியா வச்சாங்க. 1919 பிப்ரவரி ஆரம்பத்துல அவங்கள்ல முப்பது பேருக்கு மேல சுட்டுக் கொன்னாங்க. சரணடைஞ்சவங்க. தலைவரை மட்டும் லண்டன் கொண்டுபோய் கைதி மாத்திக்கிட்டாங்க, சாதாரண மாலுமிக்குக் கிடைச்சது பனியில ஒரு குழி.

இந்த நாட்டு மேல எனக்கு ரொம்பப் பிரியம், எனக்குச் சோறு போடுற ஊரு. அதனாலயே இதை மறைக்கக் கூடாதுன்னு நினைக்கிறேன். நைஸ்ஸாருக்குக் கோடையில படகு போகும், நானும் போயிருக்கேன், பைன் மரம், பழைய குட்டி ரயில் பாதை, சோவியத் காலத்துக் கண்ணிவெடிக் கூடுங்க குவிஞ்சு துருப்பிடிச்சுக் கெடக்கும். அப்போ இந்த விஷயம் எனக்குத் தெரியாது. பாட்டுப் போட்டுக்கிட்டு சைக்கிள் ஓட்டினேன்.

2 மார்ச்

மத்த கப்பல்களைப் பத்தியும் கேட்டாங்க, வேகமா சொல்லிடுறேன். சுலேவ்னு ஒரு டார்பிடோ படகு, ஜெர்மன்காரங்களோட ஏ-32, 1923ல தூக்கி எடுத்துச் சரிபண்ணி அடுத்த வருஷம் சேர்த்தாங்க. ரிஸ்ட்னா, சூரொப் ரெண்டும் பக்கவாட்டுல சக்கரம் வச்சு ஓடுற பழைய ஸ்டீமர், கண்ணிவெடி வேலைக்கு. பெய்ப்சி ஏரியில தனியா ஒரு குட்டிப் படை, ஏன்னா அந்த ஏரி நடுவுலதான் ரஷ்யாவோட எல்லைக்கோடு ஓடுது. 1939ல தாலின்லயே கட்டின பிக்கர், ஜனாதிபதி போற படகாவும் அதுதான், கன்போட்டும் அதுதான்.

சூர் தொல்ங்கற ஐஸ்பிரேக்கர் நேவி கப்பல் இல்ல, ஆனா அதைச் சேர்க்காம விட மனசு வரல. 1914ல ஜெர்மனியில ஜாருக்காகக் கட்டினது, நடுவுல ஃபின்லாந்து எடுத்துக்கிட்டுப் போய் 1922ல திருப்பிக் கொடுத்துச்சு. குளிர்காலத்துல இந்த வளைகுடா உறைஞ்சுபோகும், ஐஸ் உடைக்க ஆள் இல்லேன்னா எந்த நேவியும் கட்டிப்போட்ட மாடுதான். அதுவும் லென்னுசாதம் கரையிலயே நிக்குது.

3 மார்ச்

ஓர்செல் விஷயம். இதைத் தொடாம இந்தப் பேச்சு முடியாது.

1939 செப்டம்பர். ஜெர்மனி போலந்துக்குள்ள புகுந்தாச்சு. 14ம் தேதி ராத்திரி ஓர்செல்ங்கற போலந்து சப்மரைன் தாலினுக்கு வருது, கேப்டனுக்கு உடம்பு சரியில்லைன்னு. அவரை இறக்கி ஆஸ்பத்திரிக்கு அனுப்பினாங்க. எஸ்டோனியா நடுநிலை நாடு, அதனால சப்மரைனைப் புடிச்சு வைக்கணும்னு முடிவு. மேப்பெல்லாம் எடுத்தாச்சு, துப்பாக்கியைச் செயலிழக்க வச்சாச்சு, டார்பிடோவை ஒவ்வொண்ணா இறக்குறாங்க, எல்லாத்தையும் இறக்கி முடிக்கல. ரெண்டு எஸ்டோனிய காவல்காரங்க கப்பல்லயே இருக்காங்க. 18ம் தேதி விடியக்காலை, அடுத்த நிலையில இருந்த ஆபீசர் யான் க்ருஜின்ஸ்கி தலைமையில அவங்க காவல்காரங்களை மடக்கி, கயிறை வெட்டிக்கிட்டு, இருட்டுல கிளம்பிட்டாங்க. வாய்க்கால்ல ஒரு தடவை தரைதட்டி, அதுலேர்ந்தும் கழட்டிக்கிட்டு, மேல சர்ச்லைட்டும் குண்டும் வர வர முங்கிட்டாங்க. காவல்காரங்க ரெண்டு பேரையும் ஸ்வீடனோட காட்லாந்து தீவுப் பக்கம் ஒரு சின்னப் படகுல இறக்கி, கையில செலவுக்குப் பணமும் கொடுத்து அனுப்பினாங்க. மேப்பே இல்லாம பால்டிக்கைத் தாண்டி அக்டோபர் 14 ஸ்காட்லாந்து போய்ச் சேர்ந்துச்சு.

அந்த சப்மரைனும் போலந்து ஜனங்க வசூல் பண்ணிக் கொடுத்த காசுல, ஹாலந்துல கட்டினது. ஜனங்க காசுல வாங்கின ஒரு சப்மரைன், ஜனங்க காசுல வாங்கின ரெண்டு சப்மரைன் இருக்கிற துறைமுகத்துல கைதியா நின்னுச்சு.

தைரியம்தான், சந்தேகமே இல்ல. ஆனா நான் இந்தக் கரையிலேர்ந்து பார்க்கிறேன். இது நடந்த அடுத்த நாளே சோவியத் சொல்லுச்சு, உங்க கரையை உங்களால காப்பாத்த முடியல, இனி நாங்க பார்த்துக்கிறோம்னு. செப்டம்பர் 24ம் தேதி மாஸ்கோவுக்குப் போன எஸ்டோனிய வெளியுறவு அமைச்சர் செல்டர் கிட்ட சோவியத் வெளியுறவு அமைச்சர் மொலோடோவ் ராணுவத் தளம் கேட்டார். 28ம் தேதி கையெழுத்து. 25,000 சோவியத் வீரர்கள் உள்ள வந்தாச்சு. ஓர்செல் தப்பிக்காம இருந்திருந்தாலும் வேற சாக்கு கிடைச்சிருக்கும், ஜெர்மனியும் சோவியத்தும் ஆகஸ்ட்லயே பங்கு பிரிச்சு முடிச்சாச்சு.

எனக்கு மனசு போறது அந்த ரெண்டு காவல்காரங்க மேல. ராத்திரி டூட்டி, குளிரு, நிக்கிறது இன்னொரு நாட்டுக் கப்பல்ல. திடீர்னு கடலுக்கு அடியில கைதி. ஊர்ல அவங்க செத்துட்டாங்கன்னே பேச்சு. ஒரு வருஷம் அப்பா தோணி வர வேண்டிய நாள் தாண்டி ஒம்பது நாள் தகவல் இல்லாம இருந்துச்சு, அம்மா வாசல்லயே உக்காந்திருந்தது எனக்கு ஞாபகம் இருக்கு. அந்த ரெண்டு வீட்டு வாசலையும் என்னால பார்க்க முடியுது.

க்ருஜின்ஸ்கியும் அவர் ஆளுங்களும் எட்டு மாசம் கழிச்சு, 1940ல வடகடல்ல ஓர்செலோட காணாமப் போயிட்டாங்க. ஒருத்தரும் திரும்பல.

5 மார்ச்

பிட்கா கடைசியில என்ன ஆனார்னு கேட்டவருக்கு: 1924ல குடும்பத்தோட கனடா, பிரிட்டிஷ் கொலம்பியா காட்டுக்குப் போய் நிலம் திருத்திப் பார்த்தார், 1930ல திரும்பி வந்துட்டார். 1944 செப்டம்பர்ல ஜெர்மன் படை கிளம்பி சோவியத் படை திரும்ப வர்ற அந்த இடைவெளியில, 72 வயசுல, ஆள் சேர்த்துச் சண்டைக்குப் போனார். அதுக்கப்புறம் அவரைப் பார்த்தவங்க இல்ல. 1918 நவம்பர்ல எந்த இடைவெளியில நேவியை ஆரம்பிச்சாரோ, கிட்டத்தட்ட அதே மாதிரி ஒரு இடைவெளியிலதான் மனுஷன் மறைஞ்சார்.

10 மார்ச்

முதல் கேள்விக்குத் திரும்பி வர்றேன். "ஒரு டார்பிடோ கூட விடல."

ஆமா, விடல. 1940 ஜூன்ல மிச்ச சோவியத் படையும் உள்ள வந்தப்போ தளமெல்லாம் ஏற்கனவே அவங்க கையில, கப்பல் நிக்கிற துறைமுகத்துலயே அவங்க கப்பல். ஃபின்லாந்தோட போட்ட பூட்டுத் திட்டம் வெளியிலேர்ந்து வர்றவனுக்குத்தான், உள்ள வந்து உக்காந்தவனுக்கு எந்தப் பூட்டு போடறது? சுடுற முடிவு சப்மரைன் கேப்டன் கையில இல்ல, அரசாங்கம் 1939 செப்டம்பர்லயே சுட வேண்டாம்னு முடிவு பண்ணிடுச்சு. டெஸ்ட்ராயர் இருந்திருந்தாலும் அதே துறைமுகத்துல அதே மாதிரிதான் கை மாறியிருக்கும், ஆவ்ட்ரோயில் திரும்ப ஆவ்ட்ரோயிலாவே ஆயிருக்கும். இந்த முடிவு சரியா தப்பான்னு இங்க இருக்கிறவங்க இன்னும் பேசிக்கிட்டே இருக்காங்க. ஆபீஸ்ல ஒரு மத்தியானச் சாப்பாட்டுல ஆரம்பிச்சா காபி ஆறிப்போற வரைக்கும் முடியாது. ஃபின்லாந்து சண்டை போட்டுச்சே, நாம போடலையேன்னு ஒரு பக்கம். போட்டிருந்தா நம்ம தாத்தா இருந்திருக்க மாட்டார், நானும் இருந்திருக்க மாட்டேன்னு இன்னொரு பக்கம். ரெண்டு பேர் குரலும் உடையும். நான் வாயைத் திறக்க மாட்டேன், அது அவங்க வீட்டுத் துக்கம்.

ஆகஸ்ட்ல ரெண்டு சப்மரைனும் சோவியத் பால்டிக் கடற்படையில சேர்ந்துச்சு. எஸ்டோனிய ஆளுங்க பெரும்பாலானவங்களை இறக்கிட்டு ரஷ்ய ஆளுங்களை ஏத்தினாங்க. கலேவ் 1941 கடைசியில ஒரு வேலையா கடலுக்குப் போனது, திரும்பி வரல. லெம்பிட் போர் முழுக்கத் தாக்குப் புடிச்சுச்சு, 1945ல அதுக்கு சோவியத் விருதும் கிடைச்சுச்சு. 1979ல தாலினுக்குக் கொண்டு வந்து சோவியத் நேவி மியூசியமா வச்சாங்க. 1992 ஏப்ரல் 22ம் தேதி எஸ்டோனியாக்காரங்க அதைத் திரும்ப எடுத்து, நீலம் கருப்பு வெள்ளைக் கொடியை ஏத்தினாங்க. புதுசா ஆரம்பிச்ச நேவியோட கணக்குல அதுதான் ஒண்ணாம் நம்பர் கப்பல். ஓடவும் ஓடாது, முங்கவும் முங்காது. இருந்தாலும் 1.

வித்தது சரின்னு 18ம் தேதி சொன்னேன், அதுல நிக்கிறேன்.

10 மார்ச், ராத்திரி

ஒரு சின்னத் திருத்தம். 19ம் தேதி "நாலு கொடி"ன்னு எழுதினேன். ஸ்பார்டாக்கா இருந்த கப்பல் வேலைக்கு வந்தது 1917 கடைசியில, ஜார் அதுக்கு முன்னாடியே போயிட்டார், அதனால அதுக்கு ஜார் கொடியைக் கணக்குல சேர்க்கக் கூடாது. சோவியத், எஸ்டோனியா, பெரு. மூணு.

அம்மாகிட்ட போன்ல இதெல்லாம் சொன்னேன். முழுசாக் கேட்டுட்டு, "கலேவ்லயும் அதே அளவு அடுப்புதானா"ன்னு கேட்டாங்க. ஆமாம்மா, ரெண்டும் ஒரே அச்சுன்னேன். கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் சத்தமே இல்ல.